கப்பும் சாசரும் வந்தால்

ஆறு வருஷம் யாரையும் கேட்காமல் நுழைந்த கேட்டில் நின்றுகொண்டு, பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க, உள்ளே போன நேரம் என்று நோட்டில் எழுதுவது விசித்திரமான காரியம். பேனாவை நூலில் கட்டிப் போட்டிருப்பார்கள். பாதி நாள் அது எழுதாது. வாட்ச்மேன் பழனிசாமியண்ணனுக்கு என்னை நன்றாகத் தெரியும். பொங்கலூர்ப் பக்கம் அவருக்கு ஒரு ஏக்கர் சோளக்காடு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் யூனிஃபார்ம் மாட்டுவார். காட்டில் கீரை விளைந்தால் எனக்கும் ஒரு கட்டு கொண்டுவருவார். ஆனாலும் நான் மாசச் சம்பளத்தை விட்ட பிறகு முதல் தடவை போனபோது, நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்துவிட்டார். "கோவிச்சுக்காதீங்க அம்முணி, நானா வெச்ச ரூல்சுங்களா இது?" என்றார். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. 'எங்கிருந்து' என்ற கட்டம் வரும்போது மட்டும் கை நின்றுவிடும். எல்லோரும் அதில் தங்கள் கம்பெனிப் பெயரை எழுதுவார்கள். எனக்குக் கம்பெனி கிடையாது. நான் யோசித்துக்கொண்டு நின்றால் பழனிசாமியண்ணன் அவசரப்பட்டு, மேலே எழுதியிருக்கும் கம்பெனிப் பெயருக்குக் கீழே இரண்டு கோடு கிழித்து 'மேற்படி' ஆக்கிவிடுவார். அப்படி நான் நூல் ஏஜென்டாகவும், பட்டன் கடைக்காரராகவும், ஒருமுறை கரையானுக்கு மருந்தடிக்க வந்தவராகவும் அந்தக் கேட்டைக் கடந்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்த நாளில் மேற்படி ஆவதற்குக்கூட ஆள் இல்லை. என் பெயர்தான் பக்கத்தில் முதல். உள்ளே இருந்த முதலாளியிடம் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லப் போயிருந்தேன். சொன்ன பிறகு அந்தக் கேட் எனக்கு மறுபடி திறக்குமா என்று தெரியாது. என் பிழைப்பில் பெரும்பாகம் அந்தக் கேட்டுக்கு உள்ளேதான் இருந்தது. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு உள்ளே போனேன்.

புலம்பெயர்வது என்றால் விமானம் ஏறுவது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். என்னோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போனார்கள். நான் திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டிலிருந்து ஒரு பஸ் ஏறித் திருப்பூரில் இறங்கினேன். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு அது. பேசுவதும் தமிழ்தான், எழுதுவதும் தமிழ்தான், ஆனால் எனக்கு ஒன்றும் புரியாது. வந்த வருஷம் கிறிஸ்துமசுக்கு நாலு நாள் லீவு கேட்டேன். மேனேஜர் சிரித்த முகமாக, "பாத்துக்கலாமுங்க" என்றார். ஆகா, கொடுத்துவிட்டார் என்று சந்தோஷமாக ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மூன்று நாள் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இங்கே 'பாத்துக்கலாமுங்க' என்றால் 'கிடையாது' என்று எனக்கு யார் சொல்லித்தந்தார்கள்? எங்கள் ஊரில் கிடையாது என்றால் கிடையாதுதான். தெரு முழுக்கக் கேட்கும்.

நான் சேர்ந்தது ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில். நாலு கம்ப்யூட்டர், கரகரவென்று கத்தும் ஒரு பிரின்டர், ஒரு ஏசி. வெட்டிய துணியை இருபது இருபதாகக் கட்டி எண் போடுவார்கள். எந்தக் கட்டை யார் தைத்தார்கள் என்று பார்த்துத்தான் பீஸ் ரேட் டெய்லர்களுக்குச் சனிக்கிழமை கூலி. அதற்கு நான் ஒரு புரோகிராம் எழுதினேன். அதுவரை சனிக்கிழமைதோறும் நடந்த சண்டை நின்றுவிட்டது. முதலாளி சிவசாமி, ஐம்பத்தைந்து வயது, எப்போதும் வெள்ளைச் சட்டை. ஒருநாள் என் மேஜைக்கே வந்து நின்று, "அம்முணி, நெம்ப நல்லாப் பண்ணிப்போட்டீங்க" என்றார். அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ஸ்டாஃபாக இருப்பதற்கு என்று ஒரு சுகம் உண்டு. பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ கொண்டுவரும் சரசக்கா என் மேஜையில் எவர்சில்வர் டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டுப் போவார். டம்ளர் ஓரம் நசுங்கியிருக்கும். டீயில் சர்க்கரை ஒருநாள் தூக்கல், ஒருநாள் இருக்காது. விருந்தாளிகளுக்கு மட்டும் பீங்கான் கப், சாசர், இரண்டு பிஸ்கட். ஆர்டர் கொடுக்கும் பையர் ஆபீசிலிருந்து வருகிறவர்கள், பாங்கிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கப்பைச் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு பிடிப்பதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம்.

மங்கலத்திலிருந்தும் அவிநாசிபாளையத்திலிருந்தும் ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். எங்க ஊட்டு சிஸ்டத்தையும் ஒருக்கா வந்து பாருங்க என்றார்கள். ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு இன்னொரு கம்பெனிக்கு வேலை செய்யக்கூடாது. ஆனால் காண்ட்ராக்டில் செய்யலாம். எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஏசி அறையில் ஒரே பிரின்டரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிழவியாகிவிடுவேனோ என்று பயம் வந்தது. உண்மையைச் சொன்னால், நாலு கம்பெனி என்னைத் தேடுகிறது என்ற தலைக்கனமும் இருந்தது. சிவசாமி சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செரிங்க அம்முணி. பண்ணுங்க. நம்ம சிஸ்டத்தையும் நீங்களே காண்ட்ராக்டுல பாத்துக்குங்க. ஒண்ணே ஒண்ணுங்க. நம்மூட்டு விசயம் கேட்டைத் தாண்டக் கூடாது." அவ்வளவுதான். அவருக்கு வருத்தமா சந்தோஷமா என்று முகத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.

அப்பாவிடம் சொன்னதுதான் பெரிய பாடு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். பதினொரு வருஷம் தற்காலிகமாக இருந்தவர். அப்ரூவல் வந்த நாளில் வீட்டில் ஆட்டுக்கறி எடுத்து, தெருவுக்கெல்லாம் கொடுத்தார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. பெர்மனென்ட் என்ற இங்கிலீஷ் வார்த்தையை நான் கறிக்குழம்பு வாசனையோடுதான் கற்றுக்கொண்டேன். போனில் நான் சொல்லி முடித்ததும் அவர், "ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? பெர்மனென்டையா விட்ட? மாப்ள வீட்டுக்காரன் கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்று கத்தினார். காசு போடும் போன் என்பதால் ரொம்ப நேரம் கத்த முடியவில்லை.

காண்ட்ராக்ட் வாழ்க்கை முதலில் நன்றாகத்தான் இருந்தது. ஒரு பழைய ஸ்கூட்டி, பையில் சிடிகள், புதிதாக வாங்கிய பென்டிரைவ் ஒன்று. திங்கள் பழைய கம்பெனி, செவ்வாய் மங்கலம், வியாழன் அவிநாசிபாளையம். லீவு கேட்க வேண்டாம், அட்டெண்டன்ஸ் கிடையாது. ஆனால் போன இடத்தில் எனக்கென்று நாற்காலி இருக்காது. யார் லீவோ அவர் நாற்காலி. அதில் அவருடைய குஷன் இருக்கும், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அவர் குழந்தையின் போட்டோ இருக்கும். யாரோ ஒருவருடைய குழந்தையைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க வேலை செய்வேன். டீயும் அப்படித்தான். புதுக் கம்பெனியில் முதல் நாள் கப், சாசர், பிஸ்கட். அடுத்த மாசம் பிளாஸ்டிக் கப். அதற்கடுத்து, நான் வந்திருப்பதே டீக்காரருக்கு ஞாபகம் இருக்காது. பழைய கம்பெனியில் மட்டும் சரசக்கா விடாமல் நசுங்கின டம்ளரை ணங்கென்று வைத்தார். அதற்காகவே எனக்குத் திங்கட்கிழமை பிடிக்கும்.

மங்கலத்து முதலாளி நல்லசாமி அன்பான மனிதர். நான் போன இரண்டாவது வாரம் உட்காரவைத்து, ஊர், அப்பா, அம்மா, அங்கே மழை எல்லாம் விசாரித்தார். பிறகு அதே குரலில், "சிவசாமியண்ணன் ஊட்டுல இப்ப என்னங்க ஓடுது?" என்றார். எனக்கு அது 'சாப்பிட்டாச்சா' என்று கேட்ட மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் ஒருவர் கேட்டால் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு. என்ன மீன், என்ன விலை, அதில் எத்தனை துண்டை யார் தின்றார்கள் என்பதுவரை சொல்லிவிடுவோம். ஆறு வருஷம் ஏசி அறைக்குள் இருந்ததில், வெளியாட்கள் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதே இல்லை. கேட்டைத் தாண்டக் கூடாது என்று முதலாளி சொன்னதைக்கூட, ஃபைலை எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்றுதான் புரிந்துவைத்திருந்தேன். "சின்னப் புள்ளைங்க பனியன் சார், மஞ்சக் கோடு போட்டது. டெய்லர் பத்தல. ரெண்டு லைன் மெஷின் சும்மா கெடக்கு. கப்பலுக்கு டயத்துக்குப் போவுமான்னு அங்க எல்லாருக்கும் கவலை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், பாவி. உள் விஷயமெல்லாம் தெரிந்தவள் இல்லையா?

"அப்புடீங்களா" என்றார் நல்லசாமி. "டீ ஆறுதுங்க, குடிங்க."

மூன்று வாரம் கழித்து மங்கலத்தில் ஒரு புது ஆர்டரை சிஸ்டத்தில் ஏற்றச் சொன்னார்கள். பேப்பரைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தேன். குழந்தைகள் பனியன். மஞ்சள் கோடு. ஸ்டைல் நம்பரைப் பேப்பரைப் பார்க்காமலே என் விரல் அடித்து முடித்துவிட்டது. அதே நம்பரைப் பழைய கம்பெனியில் நான்தான் ஏற்றியிருந்தேன். அந்தப் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டேன். நல்லசாமியைப் போய்க் கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை. "அங்க டயத்துக்கு ஆகாதுன்னு பையர் ஆபீசுல சொன்னமுங்க. அவுங்க போயிப் பாத்தாங்க, ரெண்டு லைன் சும்மா கெடந்துச்சு. பாதிய நமக்கு மாத்திக் குடுத்துட்டாங்க. எல்லாம் உங்க புண்ணியந்தானுங்க" என்று கைகூப்பினார். ஒரு பகடி இல்லை, குத்தல் இல்லை. நிஜமாகவே நன்றி சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். "எவன்ட்டயும் சொல்லாத. வாயப் பொத்திக்கிட்டு இரி. பெர்மனென்டா இருந்திருந்தா இந்த எளவெல்லாம் வந்திருக்குமா?" என்றார். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது, போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் யோசித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு திங்கள்தோறும் போய் சரசக்காவின் டீயைக் குடிக்க என்னால் ஆகாது என்று பட்டது. எங்கள் ஊரில் தப்பு செய்தால் நேராகப் போய் நின்றுவிட வேண்டும். ஒரு மூச்சு வசவு கிடைக்கும். முடிந்ததும், "சாப்ட்டியாட்டி?" என்று கேட்டு உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். அந்த வசவை வாங்கத்தான், பதிவு நோட்டில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனேன்.

"வாங்க மேடம், உக்காருங்க" என்றார் சிவசாமி சார்.

மேடம்! ஆறு வருஷம் நான் அம்முணி. அப்போதே எனக்குப் பாதி விளங்கியிருக்க வேண்டும். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மங்கலத்தில் கேட்டது, நான் சொன்னது, மஞ்சள் கோடு, ஸ்டைல் நம்பர். அவர் மேஜைமேல் இருந்த துணிச் சாம்பிளை மடித்துக்கொண்டே கேட்டார்.

"தெரியுமுங்க" என்றார்.

"எப்பத்திலருந்து சார்?"

"மங்கலத்துல நமக்கும் சொந்தபந்தம் இருக்குதுங்களே. நீங்க சொன்ன அன்னிக்கு சாயங்காலமே தெரியுமுங்க."

அதற்குப் பிறகு மூன்று திங்கட்கிழமை நான் வந்து போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டீங்களா என்று கேட்டவர். என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. "சார், நாலு வார்த்த திட்டிருங்க சார்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் உண்மையாகவே பதறிப்போனார். "அட, உங்களை எதுக்குங்க திட்டறது? நம்ம ஆளா இருந்தா திட்டலாமுங்க" என்றார். பிறகு கதவைப் பார்த்து, "சரசு, மேடத்துக்கு டீ" என்றார்.

டீ பீங்கான் கப்பில் வந்தது. சாசர், இரண்டு பிஸ்கட். சரசக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல், மெத்தென்று வைத்துவிட்டுப் போனார். ஆறு வருஷத்தில் நான் அங்கே குடித்த நல்ல டீ அதுதான், சர்க்கரை சரியாக இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் ஒருவரைத் தள்ளிவைக்க வேண்டுமென்றால் மரியாதையைக் கூட்டிக் கூட்டியே வாசலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். குடித்து முடித்ததும் அவர் எழுந்து நின்று, "சிஸ்டத்துல எதாச்சும்ன்னா கூப்புடறமுங்க" என்று கைகூப்பினார். இப்போது அந்த வாக்கியத்துக்கு எனக்கு அர்த்தம் தெரியும். கேட்டில் வெளியே போகும் நேரத்தை எழுதும்போது பழனிசாமியண்ணன், "திங்கக்கெழம கீர கொண்டாரட்டுங்களா அம்முணி?" என்று கேட்டார். வேண்டாமுங்க என்றேன். அவர் நோட்டை மூடி வைத்துக்கொண்டார்.

பாதி ஆர்டர் கைமாறியதில் என்னால் வேலை போனவர்களை நினைத்து நான் தூக்கமில்லாமல் கிடந்தது தனிக்கதை. பாண்டியம்மாள் என்று ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவள், ஆண்டிபட்டிக்காரி, அந்த மஞ்சள் கோட்டு லைனில் இருந்தவள். அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை மங்கலத்தில் பார்த்தால் அவள் அங்கே உட்கார்ந்து அதே மஞ்சள் கோட்டைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அவளுடைய சொந்தக் கத்திரி, சிவப்பு நாடா கட்டியது. மெஷின் காலடியில் அவளுடைய சொந்த டம்ளர். என் பாவக் கதையைச் சொன்னேன். அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"அட போங்கக்கா. துணி இங்கன வந்துச்சு, நாங்களும் இங்கன வந்துட்டம். நாளைக்கு வேற எங்கிட்டாச்சும் போவம். ஆனா ஒண்ணுக்கா, பீஸ் ரேட்டுல இருக்கவ அந்தக் கம்பெனிக் கதைய இந்தக் கம்பெனில பேசவே மாட்டா. எங்க வேலன்னு கேட்டா, அந்தப் பக்கம்னு சொல்லுவம். என்ன ஓடுதுன்னு கேட்டா, ஓடுதுன்னு சொல்லுவம். இதுகூடத் தெரியாமயா காண்ட்ராக்டுக்கு வந்தீக?"

தெரியாமல்தான் வந்தேன். கல்லூரியில் சொல்லித்தரவில்லை, ஏசி அறையிலும் யாரும் சொல்லவில்லை. அன்று மத்தியானமே மங்கலத்துக் கடைவீதியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு மாசம் கஷ்டப்பட்டேன். பிறகு வேறு கம்பெனிகள் வந்தன. ஏனுங்க, அக்கட்டால என்னங்க ஓடுது என்று தினமும் யாராவது கேட்பார்கள். "ஓடுதுங்க" என்பேன். அவர்களும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பழைய கம்பெனியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அந்த ரோட்டில் போக வேண்டி வந்தால் கேட்டின் பக்கம் திரும்பாமல் போவேன். பழனிசாமியண்ணன் மட்டும் கையை உயர்த்துவார் என்பது கண்ணோரத்தில் தெரியும்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், இவள் ஒருவழியாகப் பிழைத்துக்கொண்டாள் என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் கழித்து ஒரு கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போனேன். பஸ் விட்டு இறங்கி அரைமணி நேரத்தில் மேலவீட்டு லில்லி அத்தை வந்துவிட்டாள். "ஏட்டி ஜெசி, இப்ப எந்தக் கம்பெனி?" "அந்தப் பக்கம் அத்த." "எத்தன கம்பெனி பாக்க?" "இருக்குது." "வேலயெல்லாம் எப்படி ஓடுது?" "ஓடுதுங்க."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாருட்டி ஒனக்கு 'ங்க'?" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "மங்கலத்துல ஊரான் வீட்டுக் கதயெல்லாம் சொன்னியே, அத்த கேட்டா ஓடுதுங்கியா?" என்று அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதையும் அவர் சொல்லவில்லை. பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். வாயைத் திறந்து நாலு கதை சொல்லிவிட வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. முயற்சி செய்தேன். எந்தக் கதையை எடுத்தாலும் அது ஏதோ ஒரு கேட்டுக்கு உள்ளே இருந்தது.

அம்மா காப்பி கொண்டுவந்தாள். சபை ஐயர், எங்கள் சர்ச் பாதிரியார், வீடு சந்திக்க வரும்போது மட்டும் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுக்கும் பூப்போட்ட கப், கீழே சாசர். சாசரில் இரண்டு பிஸ்கட். என் முன்னால் சத்தமில்லாமல் வைத்தாள்.

"எனக்கு எதுக்கும்மா இது? டம்ளர்ல தா."

"இருக்கட்டும், நீ அங்க இப்படிக் குடிச்சுத்தான பழகியிருப்ப" என்றாள் அம்மா.

பையைத் திறந்து என் டம்ளரை எடுத்தேன். இரண்டு வருஷத்தில் அதுவும் ஓரம் நசுங்கியிருந்தது. கப்பிலிருந்த காப்பியை அதில் ஊற்றிக் குடித்தேன். அம்மா இரண்டையும் வாங்கிக் கழுவினாள். கப்பை மறுபடி கண்ணாடி அலமாரிக்குள் வைப்பாள் என்று நினைத்தேன். நான் இருக்கப்போகிற நாலு நாளுக்கும் வேண்டுமே என்று, அடுப்பு மேடையிலேயே என் டம்ளருக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.